ஏஐ நூறு யோசனை தருகிறது, சரி. சலித்தெடுப்பது யார்?

வாசகர் கேள்வி, 9 ஜூன் 2025

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். அப்பா காலத்துக் கடை. தம்பி கோவையில் படிப்பை முடித்துவிட்டு வந்து, ஏஐயிடம் கேட்டு ஒரே ராத்திரியில் 300 கொலுசு டிசைன் எடுத்துவிட்டான். இனிமேல் டிசைனுக்குத் தனி ஆள் எதற்கு, பட்டறைக்காரர்களிடம் கெஞ்சுவது எதற்கு என்கிறான். பெரிய கம்பெனிகளே புதுத் தயாரிப்புக்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்களாமே, உண்மையா? பலன் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு

பயன்படுத்துகிறார்கள். பலனும் உண்டு. ஆனால் உங்கள் தம்பி தேடுகிற இடத்தில் அது இல்லை.

நான் கொலுசுத் தொழிலில் இல்லை. சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி, ஸ்டார்ச் கம்பெனியில் புதுத் தயாரிப்புப் பிரிவு. பிரிவு என்றால் நானும் இன்னும் இரண்டு பேரும். 300 படத்தையும் பட்டறைக்கு எடுத்துப் போவதற்கு முன் தம்பியிடம் கேளுங்கள்: ஜோடி எத்தனை கிராம் வரும்? எத்தனை டச் வெள்ளி, அதாவது சுத்தம் எவ்வளவு? கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்தால் என்ன விலைக்கு நிற்கும்? இதெல்லாம் சொல்லத் தெரியாத வரைக்கும் அது வெறும் படம்தான்.

மீதி நாளைக்கு. ஏற்காட்டுக் கதை ஒன்று இருக்கிறது.

10 ஜூன்

போன வருடம் எங்கள் நிர்வாகம் எல்லாரையும் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனது. வேனின் பக்கவாட்டில் 'புதுமைப் பயிலரங்கு' என்று பேனர். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் கணக்குப் பிரிவில் பாதிப் பேருக்கு வாந்தி. மேலே போனதும் வெளியூர் ஆலோசகர் ஒருவர் எங்களை நான்கு குழுவாகப் பிரித்தார். உற்பத்தி, விற்பனை, தரக்கட்டுப்பாடு, கணக்கு என்று கலந்து உட்கார வைத்தார். குழுவுக்கு ஒரு லேப்டாப், அதில் சந்தா கட்டிய ஏஐ. ஜவ்வரிசியில் அடுத்து என்ன தயாரிக்கலாம் என்பதுதான் தலைப்பு. ஒரு மணி நேரம் கொடுத்தார்.

முதல் குழு எழுந்தது: சிறுதானியம் கலந்த ஜவ்வரிசி. இரண்டாவது குழு: ராகி ஜவ்வரிசி. மூன்றாவது குழு: பீட்ரூட் சாற்றில் நிறமேற்றிய ஜவ்வரிசி, கூடவே அதற்கு ஒரு சிறுதானியப் பதிப்பு. நான்காவது குழு எழுந்தபோதே அவர்கள் முகத்தில் அசடு வழிந்தது. விளம்பர வாசகம்கூட நாலு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாரம்பரியம் என்ற சொல்லும் ஆரோக்கியம் என்ற சொல்லும் இடம் மட்டும் மாறி உட்கார்ந்திருந்தன.

பின்வரிசையில் எங்கள் ஆலை மேஸ்திரி இருந்தார். லாரியில் குச்சிக்கிழங்கு, அதாவது ஜவ்வரிசிக்கான மரவள்ளி, வந்து நின்றால் ஒன்றை ஒடித்துப் பார்த்தே பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) சொல்லிவிடுவார்; அப்புறம் எடை போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் அதுதான் இருக்கும். ஆலோசகர் மரியாதைக்காக, "ஐயா, நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்றார்.

"ராகி மாவு கலந்தா உருளாதுங்க. ஈர மாவுல பசை இருக்கறதாலதான் குலுக்கும்போது உருண்டையா வருது. அப்படியே உருண்டாலும் வறுக்கற தட்டுல போட்டா பொளந்துக்கும். பீட்ரூட் கலரு அந்தச் சூட்டுலயே பழுப்பாயிரும். அதுக்கு மேல களத்துல வெயிலு வேற காயணும்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பின் விற்பனையில் ஒருவருக்கும் தைரியம் வந்தது. நம் ஊர் ஜவ்வரிசியைக் கட்டிக்காப்பதே மகாராஷ்டிரத்து விரதச் சாப்பாடு. அது கிழங்கிலிருந்து வருவது, தானியம் இல்லை என்பதால்தான் விரதத்துக்கு ஆகிறது. அதில் போய் ராகியைக் கலந்தால் யார் வாங்குவார்கள் என்று கேட்டார்.

மதியச் சாப்பாட்டில் ராகிக் களி வைத்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

10 ஜூன், சற்று பிறகு

ஆலோசகருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கேட்பவர்களுக்கு: தெரிந்தாலும் எழுத மாட்டேன். எங்கள் எம்டியும் இதைப் படிக்கிறார் என்று சந்தேகம்.

13 ஜூன்

"நான்கு குழுவும் ஒரே மாதிரி யோசித்தது உங்கள் ஆட்களின் சோம்பேறித்தனம், கருவியின் குற்றம் இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி.

2024 ஜூலையில் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் தோஷியும் ஹவுசரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிலரைக் குட்டிக் கதை எழுதச் சொன்னார்கள். சிலருக்கு ஏஐ கொடுத்த கதைக்கரு உண்டு, சிலருக்கு இல்லை. ஏஐ உதவி கிடைத்தவர்களின் கதைகளைப் படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள், அதிலும் சுமாராக எழுதுகிறவர்களுக்குத்தான் லாபம் அதிகம். ஆனால் எல்லாக் கதைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஏஐ உதவியோடு எழுதியவை ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன.

இதற்கு நேர் எதிராகத் தோன்றும் இன்னொன்று. 2023ல் வார்ட்டன் மேலாண்மைப் பள்ளி ஆட்கள், கல்லூரி மாணவர்களுக்கு 50 டாலருக்குள் விற்கக்கூடிய பொருள் என்று ஒரு தலைப்பு கொடுத்தார்கள். மாணவர்கள் சொன்ன 200 யோசனை, ஜிபிடி-4 சொன்ன 200 யோசனை. வாங்குவீர்களா என்று வெளி ஆட்களிடம் கேட்டு வரிசைப்படுத்தினார்கள். மேலே வந்த 40ல் 35 ஏஐ சொன்னது.

எனக்கு இரண்டும் முட்டவில்லை. ஒரு கம்பெனி மட்டும் கேட்டால் நல்ல யோசனை கிடைக்கிறது. ஊரில் உள்ள அத்தனை கம்பெனியும் அதே கருவியிடம் அதே கேள்வியைக் கேட்டால்? செவ்வாய்ப்பேட்டையில் 300 படம் எடுத்த தம்பி ஒருத்தர்தான் இருப்பார் என்று நினைக்கிறீர்களா?

17 ஜூன்

புனேயில் இருக்கும் வாசகர் ஒருவர் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார், அருமையான திருத்தம். ராகி, கம்பு ஆகாது, சரி. ஆனால் குதிரைவாலி வகைச் சிறுதானியத்தை அங்கே பகர் என்கிறார்கள், அதை விரதத்தில் சாப்பிடுவார்கள். ஜவ்வரிசி, பகர், கீரைத்தண்டு விதை எல்லாம் சேர்த்து அரைத்த மாவே விரதத்துக்கென்று கடைகளில் கிடைக்கிறதாம். ஆக எங்கள் விற்பனைக்காரர் சொன்னதிலும் ஓர் ஓட்டை.

இது ஏஐக்குத் தெரியாதா என்று வீட்டில் கேட்டுப் பார்த்தேன். மகாராஷ்டிர விரதத்தில் எந்தெந்தத் தானியம் ஆகும் என்று நேராகக் கேட்டால் பகரைச் சொல்கிறது. ஏற்காட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. அடுத்த தயாரிப்பு என்ன என்று கேட்டால் எல்லாருக்கும் சொல்வதைத்தான் நமக்கும் சொல்லும்.

அதே வார்ட்டன் கூட்டத்தினர் 2024ல் இன்னொன்றும் பார்த்தார்கள். எடுத்த எடுப்பில் யோசனை கேட்காமல், முதலில் பட்டியல் போடு, பிறகு ஒவ்வொன்றையும் வேறுபடுத்து என்று படிப்படியாகக் கேட்டால் யோசனைகள் விலகி விலகி வருகின்றன. மனிதக் குழு தரும் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. சோம்பேறித்தனம் என்று எழுதிய நண்பருக்கு இந்த வரி.

18 ஜூன்

விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தட்டுவடை, நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு வகைச் சட்னி. இதிலிருந்து முறுக்கு செட் வந்தது, நொறுக்கல் வந்தது, ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு புது அவதாரம். யாரும் பயிலரங்கு நடத்தவில்லை. கடைக்காரர் ஒரு தட்டில் போட்டு நீட்டுகிறார், சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்கிறார், நாளைக்குப் போடுவதா வேண்டாமா என்று அங்கேயே முடிவு. சோதனைச் செலவு ஒரு தட்டு.

எங்கள் ஆலையில் ஒரு சோதனை ஓட்ட வேண்டுமென்றால் ஒரு தொட்டி மாவு, ஒரு நாள் களம், ஓடிக்கொண்டிருக்கிற சரக்கை நிறுத்தினால் மேஸ்திரியின் கோபம். கொலுசில் புது டை (அச்சு) வெட்ட வேண்டும், வெள்ளியை முடக்க வேண்டும். யோசனையின் விலை பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. சோதனையின் விலை ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. கம்பெனிகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான் என்று எனக்குப் படுகிறது.

18 ஜூன், இரவு

எந்தக் கடை என்று இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சொல்ல மாட்டேன், ஏற்கனவே கூட்டம் அதிகம்.

24 ஜூன்

ஒருவர் இணைப்போடு வந்து, "பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விஞ்ஞானிகளுக்கு ஏஐ கொடுத்ததில் புதுப் பொருள் கண்டுபிடிப்பு 44 சதவீதம், காப்புரிமை விண்ணப்பம் 39 சதவீதம் கூடியது" என்று எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரை 2024 நவம்பரில் வந்தது, பெரிய பெரிய பொருளாதார அறிஞர்கள் பாராட்டினார்கள். போன மாதம், 2025 மே மாதத்தில், அந்தக் கட்டுரை எழுதப்பட்ட அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமே முன்வந்து அந்தத் தரவு எங்கிருந்து வந்தது என்பதிலும் அதன் நம்பகத்தன்மையிலும் தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று அறிவித்து, கட்டுரையை நீக்கச் சொல்லிவிட்டது.

ஆனாலும் 44 சதவீதம் ஆலோசகர்களின் ஸ்லைடுகளில் இன்னும் கொஞ்ச நாளைக்கு உயிரோடு இருக்கும். யாராவது காட்டினால் இந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.

2 ஜூலை

யோசனைப் பெட்டி பற்றி.

எங்கள் ஆலை வாசலில் பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி ஒன்று பல வருடமாக இருக்கிறது. அதில் விழுவது கிழிந்த நோட்டுத்தாள், எண்ணெய்க் கறை, இரண்டு வரி. "மூணாவது தொட்டிப் பக்கம் வழுக்குது, கல்லு மாத்தணும்." "சல்லடை துணி சீக்கிரம் கிழியுது, பழைய கடை துணியே நல்லா இருந்துச்சு." மாதத்துக்கு நாலைந்து விழும். எழுதுவது கஷ்டம், ஆகவே எழுதியிருந்தால் உண்மையிலேயே ஏதோ உறுத்துகிறது என்று அர்த்தம். எனக்கு அதுவே பாதி வடிகட்டல்.

போன வருடம் பெட்டிக்குப் பதிலாக போனில் படிவம் வைத்தார்கள். இப்போது குவிகிறது. அத்தனையும் ஏஐ எழுதிக் கொடுத்த வழுவழுப்பான நாலு பத்தி: நோக்கம், பயன், செலவு, நிலைத்தன்மை. படித்து முடித்தால் எந்தத் தொட்டி, எந்தத் துணி என்று தெரியாது. எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்டால், "சார், நான் தொட்டி வழுக்குதுன்னுதான் சொன்னேன், அதுவா இப்படி எழுதிக்கிச்சு" என்கிறார்.

வெளிநாட்டில் இது பழைய கதை. கிளார்க்ஸ்வேர்ல்டு என்ற அறிவியல் புனைகதை இதழ் 2023 பிப்ரவரியில் கதை வாங்குவதையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. ஏஐ எழுதிய கதைகள் வந்து கொட்டியதுதான் காரணம்.

எங்கள் நிர்வாகம் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா? வந்த யோசனைகளுக்கு மார்க் போட இன்னொரு ஏஐ. அதற்கு நீளமாக எழுதினால் பிடிக்கிறது, தன்னைப் போலவே எழுதினால் இன்னும் பிடிக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் 2023லேயே பெயர் வைத்து எச்சரித்த சாய்வுகள்தான் இவை. சோதனைக்காகத் தொட்டி வழுக்குகிற பழைய துண்டுச்சீட்டைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். பத்துக்கு மூன்று மார்க். கருவி எழுதுகிறது, கருவி திருத்துகிறது, நடுவில் எங்களுக்குச் சம்பளம்.

3 ஜூலை

தொட்டிப் பக்கம் கல் மாற்றிவிட்டார்கள். கேட்ட நல்லவர்களுக்கு நன்றி.

11 ஜூலை

இத்தனை நாள் திட்டியே எழுதிவிட்டேன். எங்களுக்கு உண்மையிலேயே பிடிபட்ட இடத்தைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றுப்போன தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் இருந்தார். எதையும் நோட்டில் எழுதிவைக்கிற மனிதர். சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டுகள், பென்சில் எழுத்து, ஒரு பீரோ நிறைய. அன்றைக்கு என்ன சோதனை ஓட்டினார்கள், கிழங்கு எத்தனை பாயிண்ட், ஈரம் எவ்வளவு, வெயில் எப்படி, ஏன் கைவிட்டார்கள் என்று எல்லாம் இருக்கும். யாரும் திறந்து பார்த்ததில்லை. நாங்கள் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து ஏஐயிடம் படிக்கக் கொடுத்தோம்.

படிப்பதில் தகராறு நிறைய. 26 பாயிண்ட் 20 ஆகிவிடும். கிழங்கை அரைத்துப் பால் எடுத்த பிறகு மிஞ்சும் நார்ச்சக்கையை நாங்கள் திப்பி என்போம். 'திப்பி காயவில்லை' என்பதை அது 'தப்பிக்கவில்லை' என்று எழுதிவைத்திருந்தது. ஒரு வாரம் ஆபீஸில் அதுவே சிரிப்பு. எண்களை எல்லாம் ஆள் உட்கார்ந்து சரிபார்த்தோம், வேறு வழி இல்லை.

சரிபார்த்து முடித்த பிறகு கேள்வியை மாற்றினோம். புதிதாக ஏதாவது சொல் என்று கேட்கவில்லை. கைவிட்ட சோதனைகளை எல்லாம் எடு, ஒவ்வொன்றும் என்ன காரணத்தால் கைவிடப்பட்டது என்று பக்க எண்ணோடு சொல் என்று கேட்டோம். பட்டியல் வந்தது. அதை வைத்துக்கொண்டு மேஸ்திரியும் நானும் உட்கார்ந்து, இந்தக் காரணம் இன்றைக்கும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பேசினோம்.

திப்பியை ஈர மாவோடு சேர்த்து அழுத்தி, சாப்பாட்டுத் தட்டு, கிண்ணம் செய்து பார்த்த சோதனை ஒன்று அதில் இருந்தது. கைவிட்டதற்கு இரண்டு காரணம் எழுதியிருந்தார்: மழை மாதங்களில் திப்பி காயாமல் பூஞ்சை பிடிக்கிறது, பிளாஸ்டிக் தட்டு விலைக்கு முன்னால் நிற்க முடியாது. முதல் காரணம் இப்போது இல்லை, எங்களிடம் சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரம் வந்துவிட்டது. இரண்டாவதும் பாதி போய்விட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. இன்றைக்கு அந்தத் திப்பியை மாட்டுத் தீவனத்துக்குத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த யோசனையை எழுதியவர் ஒரு மனிதர், தூக்கிப்போட்டவரும் மனிதர்தான், நியாயமான காரணத்துக்காக. காரணம் செத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஏஐ உதவியது. ஏற்காட்டில் கிடைத்த எல்லாவற்றையும்விட எனக்கு இது பெரிது.

12 ஜூலை

பக்க எண் எதற்கு என்று கேட்டதற்கு: ஒருநாள், சுண்ணாம்பு நீரில் கழுவிய சோதனை எப்போது நடந்தது என்று கேட்டேன். வருடம், ஈர அளவு, முடிவு எல்லாம் சொன்னது. அப்படி ஒரு சோதனை எந்த நோட்டிலும் இல்லை. அன்றிலிருந்து பக்க எண் இல்லாத பதிலுக்கு மதிப்பில்லை, பக்க எண் இருந்தால் பீரோவைத் திறந்து பார்க்க வேண்டும்.

இதே வேலையை வட இந்திய டீலர்கள் அனுப்பும் வாட்ஸாப் குரல் பதிவுகளுக்கும் செய்கிறோம். இந்தி, மராத்தி எல்லாம் எழுத்தாகி, புகார் வாரியாகப் பிரிந்து வருகிறது. மூட்டையில் உருண்டை அளவு ஒரே மாதிரி இல்லை என்ற புகார் இவ்வளவு அடிக்கடி வருகிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் தனித்தனி டீலரிடம் கேட்டு, சமாளித்து, மறந்திருந்தோம்.

15 ஜூலை

கேள்வி கேட்ட கொலுசு வியாபாரி திரும்ப வந்திருக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

தம்பி 300 படத்தையும் பட்டறைக்கு எடுத்துப் போனார். பட்டறைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒன்றில் சங்கிலி தனக்குள்ளேயே புகுந்து வெளியே வருகிறது. ஒன்றில் சலங்கை எதிலும் மாட்டாமல் காற்றில் தொங்குகிறது. இன்னொன்றில் இடது காலும் வலது காலும் ஒரே ஜோடி இல்லை. சிலவற்றில் கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, "ஒரு நாள் போட்டா சேலை ஓரம் நார் நாரா போயிரும் தம்பி" என்றாராம். கடைசியில் ஒரு கைப்பிடிப் படம் மிஞ்சியது. அதிலும் பூ வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, கொக்கியையும் சலங்கையையும் தன் பழைய டையில் இருந்தே போடுகிறேன் என்றிருக்கிறார்.

அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கடையில் கொலுசைக் கையில் எடுத்ததும் பெண்கள் செய்கிற முதல் வேலை, காதுப் பக்கம் கொண்டுபோய்க் குலுக்கிப் பார்ப்பது. படத்துக்குச் சத்தம் கிடையாது.

16 ஜூலை

அவருக்கு ஒரு எச்சரிக்கை, அவசரம். தம்பி படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வடிவமைப்புச் சட்டம், 2000ன்படி பதிவு கேட்கிற வடிவமைப்பு புதிதாக இருக்க வேண்டும், அதற்கு முன்பே வெளியே வந்திருக்கக் கூடாது. பதிவு கிடைத்தால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5. நீங்களே ஊருக்குக் காட்டிவிட்டுப் பிறகு பதிவுக்குப் போனால் அந்தப் படமே உங்களுக்கு எதிரான சாட்சி. பட்டறையில் செய்யப்போகிற அந்தச் சிலவற்றையாவது இனிமேல் வெளியே போடாதீர்கள், போட்டதைப் பற்றி ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

கருவிக்குள் என்ன போடுகிறோம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 2023ல் சாம்சங் பொறியாளர்கள் கம்பெனியின் மூல நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டிக் கேள்வி கேட்டது தெரியவந்து, அந்த மே மாதம் ஊழியர்கள் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்த சாம்சங் தடை போட்டது. எங்கள் நோட்டுகளைக்கூட, கொடுக்கும் தகவலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளாத வணிகச் சந்தாவில்தான் ஏற்றினோம். அதற்கே எம்டியிடம் கையெழுத்து வாங்க நாய்படாத பாடு.

28 ஜூலை

"அப்போ ஏஐ பழைய நோட்டு படிக்கிற குமாஸ்தா மட்டும்தானா?" என்று கேட்டவருக்கு. இல்லை, அப்படி முடித்துவிட எனக்கே மனம் வரவில்லை.

இந்த வருடம் ஹார்வர்டு ஆட்கள் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் நடத்திய சோதனை வெளிவந்தது. 776 பேர், அவர்கள் அன்றாடம் பார்க்கிற புதுத் தயாரிப்பு வேலைதான். ஏஐயோடு தனியாக உட்கார்ந்த ஒருவர், ஏஐ இல்லாத இரண்டு பேர் குழு அளவுக்குச் செய்தார். அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு: ஏஐ இல்லாதபோது ஆராய்ச்சிக்காரர்கள் தொழில்நுட்பமாகவே யோசித்தார்கள், விற்பனைக்காரர்கள் விற்பனையாகவே யோசித்தார்கள், ஏஐ இருந்தபோது அந்தக் கோடு அழிந்துபோனது.

மூன்று பேர் பிரிவில் இது பெரிய விஷயம். நான் வேதியியல் படித்தவன். விலை, பேக்கிங், டீலர் லாபம் என்றால் எனக்குத் தலை சுற்றும். இப்போது திப்பித் தட்டுக்கு ஒரு செலவுக் கணக்கு முதல் வரைவு நானே போட்டுவிடுகிறேன், விற்பனைக்காரர் அதைக் கிழிப்பதற்காவது ஒன்று கையில் இருக்கிறது. ஆனால் கோடு அழிந்தது, எழுதிவைத்த அறிவுக்கு நடுவில் இருந்த கோடு. மேஸ்திரியின் கைக்குத் தெரிந்தது எங்கேயும் எழுதப்படவில்லை, அந்தப் பக்கம் கருவிக்கு வழியே இல்லை.

29 ஜூலை

எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்று ஒரு பட்டியல் கேட்கிறீர்கள். கிடைக்காது. பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பின் 758 ஆலோசகர்களை வைத்து 2023ல் செய்த ஆய்வு தெரிந்திருக்கும். கருவியால் செய்ய முடிகிற வேலைகளில் ஏஐ வைத்திருந்தவர்கள் 12.2 சதவீதம் கூடுதல் வேலை முடித்தார்கள், 25.1 சதவீதம் வேகமாக, தரமும் மேல். கருவியால் செய்ய முடியாத ஒரு வேலையையும் வேண்டுமென்றே கொடுத்திருந்தார்கள். அதில் ஏஐ வைத்திருந்தவர்கள் சரியான விடைக்கு வருவது 19 சதவீதப் புள்ளி குறைந்தது. எது வரும், எது வராது என்று வேலையின் நெற்றியில் எழுதியிருப்பதில்லை. அவர்கள் அத்தனை பேரும் படித்த ஆலோசகர்கள், அவர்களுக்கே தெரியவில்லை.

19 ஆகஸ்ட்

நடுவில் எழுத நேரமில்லை. இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, "ஜவ்வரிசிக் கம்பெனிக்குப் புதுமை எதற்கு?" என்ற கேள்வி. நியாயமான கேள்வி. ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981ல் வந்தது. மூட்டை அங்கே போகிறது, டெண்டரில் அன்றைக்கு என்ன விலை விழுகிறதோ அதுதான். ஆலைக்காரர் கண் முழுக்க அந்த விலையின் மேல் இருக்கும். விலை ஏறினால் புதுமை தேவையில்லை, இறங்கினால் புதுமைக்குக் காசு இல்லை. எங்கள் பிரிவு உயிரோடு இருப்பதே எம்டியின் பிடிவாதத்தால்தான். எம்டி படிக்கிறார் என்பதற்காக இதை எழுதவில்லை.

இரண்டு, யோசனைகளை எப்படி வடிகட்டுகிறோம் என்பது. ராபர்ட் கூப்பர் 1980களில் வகுத்த ஸ்டேஜ்-கேட் முறையைத்தான் பெரும்பாலான பெரிய கம்பெனிகள் ஏதாவது ஒரு வடிவில் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் முடிவில் ஒரு வாசல், வாசலில் தொடர்வதா கொல்வதா என்று முடிவு. அந்த முறை பிறந்தபோது யோசனை குறைவாக வந்தது, வாசலில் நிற்கிறவருக்குப் படிக்க நேரம் இருந்தது. இப்போது முதல் வாசலிலேயே தள்ளுமுள்ளு.

நாங்கள் கணக்கைத் திருப்பிப் போட்டோம். எத்தனை யோசனை வந்தது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டோம். ஒரு மாதத்தில் உலர்த்தும் இயந்திரத்தை எத்தனை மணி நேரம் சோதனைக்கு விட முடியும் என்று மேஸ்திரி சொல்வார். அதற்குள் அடங்குகிறதுதான் அந்த மாதத்துப் புதுமை. உள்ளே வர வேண்டுமென்றால் நாலு பத்தி வேண்டாம், கையால் செய்த மாதிரி ஒன்று மேஜையில் வைக்க வேண்டும், கோணல்மாணலாக இருந்தாலும் சரி. ஏஐயிடம் கேட்பது ஒன்றே ஒன்று: இது ஏன் தோற்கும்? அந்தப் பட்டியலில் முதலில் வருவதைத்தான் முதலில் சோதிக்கிறோம். அதில் பாதி உளறல், மீதிப் பாதியில் நாங்கள் யோசிக்காதது ஒன்றாவது இருந்துவிடுகிறது.

20 ஆகஸ்ட்

"மேஸ்திரியே வாசல்காரர் என்றால் அவருக்குப் பிடிக்காதது எதுவும் உள்ளே வராதே?" சரியான அடி. வராதுதான். சூடான காற்று இயந்திரத்தையே அவர் ஆரம்பத்தில் எதிர்த்தார், களத்து வெயிலில் காய்ந்த வெளுப்பு வராது என்று. அதற்காகத்தான் வருடத்துக்கு ஒரு சோதனை அவர் ஒப்புதல் இல்லாமலே போகலாம் என்று வைத்திருக்கிறோம். இந்த வருடத்து அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கணக்குப் பிரிவுக்குப் போயிருக்கிறது. அவர்கள் பகர் கலந்த மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். மேஸ்திரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

30 ஆகஸ்ட்

எந்தச் சந்தா வாங்கலாம் என்று தனிச்செய்தியில் கேட்பவர்களுக்கு: பெயர் சொல்லி மாட்டிக்கொள்ள மாட்டேன். உங்கள் கடைக் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து ஒவ்வொன்றிலும் போட்டுப் பாருங்கள். தமிழ்க் கையெழுத்தை எது குறைவாகக் கொலை செய்கிறதோ அதை வாங்குங்கள்.

கொலுசு வியாபாரிக்கு: பூ வேலை எடுத்த ஜோடி தயாரானதும் எத்தனை கிராமில் நின்றது என்று இங்கே போடுங்கள். திப்பித் தட்டில் சாம்பார் ஊற்றினால் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதுதான் எங்கள் இப்போதைய தலைவலி. கிழங்கு சீசன் தொடங்கியதும் புதுத் திப்பியில் ஓட்டிப் பார்க்கிறோம், அதன் பிறகு எழுதுகிறேன்.